சிறு உயர்த்தலுக்கான மறுவினை (போக்கர்)

சிறு உயர்த்தலுக்கான மறுவினை என்பது டெக்சாஸ் ஹோல்டெம் வகைப் போக்கர் போட்டிகளில் எழும் ஒரு முடிவுச் சிக்கலாகும். பொதுச்சீட்டுகள் திறக்கப்படுவதற்கு முன் எதிராளி ஒருவர் பந்தயத்தை மிகக் குறைந்த அளவில் உயர்த்தும்போது, அடுத்து ஆடுபவர் விலகுவதா, சமன் செய்வதா, மேலும் உயர்த்துவதா எனத் தீர்மானிப்பதை இது குறிக்கும். இணையவழிப் போட்டிகளில் ஆட்டக்காரர் மிக அடிக்கடி சந்திக்கும் முடிவுகளுள் இதுவும் ஒன்று. ஒவ்வொரு முறையும் இதனால் விளையும் ஆதாயமோ இழப்போ சிறியதே. எனினும் ஒரே போட்டியில் பல முறை திரும்ப வருவதால், இதில் செய்யும் பிழை ஆட்டக்காரரின் சில்லுகளை அவர் அறியாமலேயே கரைத்துவிடுகிறது.

சிறு உயர்த்தல், அதைச் சமன் செய்பவருக்கு மலிவான விலையைத் தருகிறது. தொடக்கநிலை ஆட்டக்காரர்களில் ஒரு சாரார் இம்மலிவைக் கவனிக்காமல் நல்ல சீட்டுகளையும் எறிந்துவிடுகின்றனர். மற்றொரு சாரார் மலிவு என்பதற்காகவே எல்லாச் சீட்டுகளையும் ஆடுகின்றனர். விலை எவ்வளவு, அவ்விலைக்கு உண்மையில் கிடைப்பது எவ்வளவு என்னும் இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டால்தான் இவ்விரு பிழைகளையும் தவிர்க்க முடியும்.

அடிப்படை விதிகள்

ஹோல்டெம் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு கைச்சீட்டுகள் வழங்கப்படும். பின்னர் மேசையில் ஐந்து பொதுச்சீட்டுகள் மூன்று கட்டங்களாகத் திறக்கப்படும். முதலில் திறக்கப்படும் மூன்று சீட்டுகள் ஃபிளாப் எனப்படும். 52 சீட்டுகளைக் கொண்ட கட்டிலிருந்து 1,326 வகையான கைச்சீட்டு இணைகள் அமையக்கூடும்; இனவேறுபாட்டைச் சுருக்கினால் இவை 169 வகைகளாகும்.

ஆட்டம் தொடங்குமுன் இருவர் கட்டாயப் பந்தயம் வைக்க வேண்டும். டீலர் பட்டன் எனப்படும் அடையாள வில்லையை உடையவருக்கு இடப்பக்கம் இருப்பவர் ஸ்மால் பிளைண்டையும், அவருக்கு அடுத்தவர் அதன் இருமடங்கான பிக் பிளைண்டையும் வைப்பர். போட்டியின் தொடக்கக் கட்டம் கடந்தபின், ஆன்ட்டி எனப்படும் சிறு தொகையும் அனைவரிடமிருந்தும் பெறப்படுவது வழக்கம். ஃபிளாப்பிற்கு முன் நடக்கும் பந்தயச் சுற்றில் பிக் பிளைண்ட் வைத்தவரே கடைசியாக முடிவு செய்வார். ஃபிளாப்பிற்குப் பின் நிலைமை தலைகீழாகிவிடும்: பட்டன் உடையவர் கடைசியாகவும், பிளைண்ட் வைத்தவர்கள் முதலாகவும் ஆட வேண்டும். இக்கட்டுரையில் விளக்கப்படும் சிக்கலின் பெரும்பகுதி இந்த விதியிலிருந்தே பிறக்கிறது.

வரம்பில்லாப் பந்தய ஆட்டத்தில் முதல் உயர்த்தல் பிக் பிளைண்டின் இருமடங்காகவேனும் இருக்க வேண்டும். சரியாக இருமடங்கு உயர்த்துவது மிகக்குறை உயர்த்தல் எனப்படும். இருமடங்கு முதல் ஏறத்தாழ இரண்டேகால் மடங்கு வரையிலான உயர்த்தல்கள் இங்கு சிறு உயர்த்தல் எனக் கொள்ளப்படுகின்றன.

வரலாறு

பணம் வைத்து ஆடும் இணையப் போக்கர் 1998 இல் தொடங்கியது. 2003 இல் கிறிஸ் மணிமேக்கர் என்னும் அமெரிக்கக் கணக்காளர், இணையத்தில் நடந்த சிறு தகுதிப்போட்டி ஒன்றின் வழியாக லாஸ் வேகாசில் நடைபெற்ற உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்குத் தேர்வாகி, 839 பேர் கலந்துகொண்ட அப்போட்டியில் வென்று 25 இலட்சம் டாலர் பரிசு பெற்றார். இதன்பின் இணையப் போட்டிகளில் கலந்துகொள்வோர் தொகை பெருகியது.

அக்காலத்தில் பிக் பிளைண்டின் மூன்று மடங்கோ அதற்கு மேலோ உயர்த்துவதே வழக்கமாயிருந்தது. மிகக்குறை உயர்த்தல் செய்பவர் ஆட்டம் அறியாதவர் என்றோ, மிக வலிய சீட்டை ஒளித்துவைத்து எதிராளியை அழைக்கிறார் என்றோ கருதப்பட்டது. 2010 ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் இக்கருத்து மாறி, தேர்ந்த இணைய ஆட்டக்காரர்களிடையே சிறு உயர்த்தலே இயல்பான அளவாயிற்று.

இம்மாற்றத்திற்கான காரணம் எளிய கணக்கு. பிளைண்டுகள் 500, 1,000 எனவும், எட்டுப் பேர் அமர்ந்த மேசையில் ஆன்ட்டி தலைக்கு 125 எனவும் கொள்வோம். சீட்டு வழங்கப்படும்போதே மேசை நடுவில் 2,500 சில்லுகள் குவிந்திருக்கும். 3,000 ஆக உயர்த்தி அக்குவியலைக் கைப்பற்ற முயல்பவர், 5,500 இல் 3,000 ஐப் பணயம் வைக்கிறார். ஏறத்தாழ 55 விழுக்காடு முறை எல்லோரும் விலகினால்தான் அவருக்கு நட்டமில்லை. 2,000 ஆக உயர்த்துபவருக்கோ 44 விழுக்காடு போதும். மேலும், போட்டிகளின் பிற்பகுதியில் பலரிடம் 20 அல்லது 30 பிக் பிளைண்ட் அளவுக்கே சில்லுகள் இருக்கும். எதிராளி தம் முழுச் சில்லுகளையும் வைத்து மறு உயர்த்தல் செய்து தம்மை விரட்டினால், சிறிதாக உயர்த்தியவருக்குச் சிறிய இழப்பே ஏற்படும்.

பிக் பிளைண்ட் பெறும் விலை

மேற்கண்ட எடுத்துக்காட்டில் பட்டன் உடையவர் 2,000 ஆக உயர்த்த, ஸ்மால் பிளைண்ட் விலகிவிடுகிறார் எனக் கொள்வோம். குவியலில் இப்போது 4,500 சில்லுகள் உள்ளன. பிக் பிளைண்ட் ஏற்கனவே 1,000 வைத்துவிட்டதால் சமன் செய்ய இன்னும் 1,000 மட்டுமே தேவை. அவர் அதை வைத்தால் குவியல் 5,500 ஆகும். 1,000 ÷ 5,500 = 0.18, அதாவது, வெற்றிப் பங்கு 18 விழுக்காட்டைத் தாண்டினால் சமன் செய்வது விலகுவதைவிடத் தாழ்ந்ததன்று. ஆன்ட்டி இல்லையெனில் இவ்வெண் 22 ஆக உயரும். எதிராளி 3,000 ஆக உயர்த்தியிருந்தால், ஆன்ட்டி இருந்தும் 27 விழுக்காடு தேவைப்படும்.

ஏற்கனவே வைத்த 1,000 சில்லுகளை 'என் பணம்' என்று காக்கச் சமன் செய்வது தவறான எண்ணம். அது குவியலுக்குச் சென்றுவிட்ட பணம், யாருடையதும் அன்று. விலையைக் குறைப்பதன் வழியாக மட்டுமே அது கணக்கில் இடம்பெறுகிறது.

18 விழுக்காடு என்பது மிகத் தாழ்ந்த தடை. ஹோல்டெம்மின் மிக மோசமான கைச்சீட்டு எனப் பெயர் பெற்ற, வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த 7, 2 என்னும் இணைகூட, எதிராளியிடம் ஏஸ், ராஜா இருக்கும்போது ஐந்து பொதுச்சீட்டுகளும் திறக்கப்பட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை வெல்லும். ஏஸ் ஜோடி போன்ற பெரிய ஜோடிகளை எதிர்கொண்டால்தான் அதன் பங்கு 18 ஐ விடக் கீழே இறங்கும். இக்கணக்கை மட்டும் நோக்கினால், பிக் பிளைண்டில் அமர்ந்தவர் எச்சீட்டையும் எறியக்கூடாது என்ற முடிவுக்கு வர நேரிடும். இம்முடிவு தவறானது.

வெற்றிப் பங்கும் ஈட்டப்படும் பங்கும்

மேற்கண்ட விழுக்காடுகள் ஐந்து பொதுச்சீட்டுகளும் பந்தயமின்றித் திறக்கப்படும் என்ற அனுமானத்தில் அமைந்தவை. உண்மை ஆட்டத்தில் ஃபிளாப், அதற்கடுத்த இரு சீட்டுகள் என மூன்று கட்டங்களிலும் பந்தயம் நடைபெறும். கடைசி வரை இருந்திருந்தால் வென்றிருக்கக்கூடிய பல சீட்டுகள் இடையிலேயே விலக நேரிடும். தாளில் உள்ள பங்கில் எத்தனை பகுதி உண்மையில் கைக்கு வருகிறதோ அதுவே ஈட்டப்படும் பங்கு.

ஜோடியல்லாத இரண்டு சீட்டுகளை வைத்திருப்பவருக்கு ஃபிளாப்பில் ஒரு ஜோடியேனும் அமைவது மூன்றில் ஒரு முறையே. பிக் பிளைண்ட் முதலில் ஆட வேண்டியவராதலால், ஜோடி அமையாதபோது பெரும்பாலும் பந்தயம் வைக்காது காத்திருப்பார். எதிராளி 5,500 சில்லுக் குவியலில் 1,800 மட்டும் பந்தயம் வைக்கிறார் என்க. அப்பந்தயத்தால் அவருக்கு நட்டம் வராமலிருக்க, நான்கில் ஒரு முறை பிக் பிளைண்ட் விலகினாலே போதும். ஜோடி அமையாத போதெல்லாம் விலகும் ஆட்டக்காரர் மூன்றில் இரண்டு முறை விலகுகிறார். எதிராளி தம் சீட்டைப் பார்க்காமலேயே இலாபம் ஈட்டலாம்.

எண்களில் காண்போம். 7, 2 உடன் சமன் செய்து, ஜோடி அமைந்தால் மட்டுமே தொடரும் ஒருவர், மூன்றில் ஒரு முறை தொடர்கிறார். அவற்றிலும் பாதி முறையே வெல்கிறார் எனக் கொண்டால், குவியலில் அவர் பங்கு 5,500 இன் ஆறில் ஒரு பகுதி, அதாவது ஏறத்தாழ 917 சில்லுகள். அதற்காக அவர் கொடுத்த விலை 1,000. 2 இன் ஜோடியை வைத்துக்கொண்டு மேலும் பந்தயங்களைச் சமன் செய்து தோற்கும் தொகையை இதில் சேர்க்கவேயில்லை.

பொதுவாக ஒரு கைச்சீட்டு தன் பங்கில் 60 விழுக்காட்டையே ஈட்டும் எனக் கருதினால், தேவையான பங்கு 18 இலிருந்து 30 ஆக உயர்கிறது. ஈட்டும் விகிதம் எல்லாச் சீட்டுக்கும் ஒன்றன்று. ஆட்டின் 8, ஆட்டின் 7 போன்ற ஒரே இன, அடுத்தடுத்த சீட்டுகள் ஃபிளாப்பில் ஜோடி அமையாதபோதும் வரிசையோ ஒரே இன ஐந்தோ அமையும் வாய்ப்புடன் தொடர முடியும். எதிராளியை மிரட்டிப் பந்தயம் வைக்கவும் உதவும். வெவ்வேறு இன 9, 3 போன்றவற்றிற்கு இவ்வசதி இல்லை. ஆகவே தாளில் சில விழுக்காடுகளே வேறுபடும் இரு சீட்டுகள் மேசையில் வெகுவாக வேறுபடுகின்றன.

ஏஸ் இருக்கிறது என்பதற்காக எதையும் ஆடுவதும் இவ்விடத்தில் கவனிக்கத்தக்க பிழையாகும். எதிராளியிடம் ஏஸ், ராஜா இருக்கையில், வெவ்வேறு இன ஏஸ், 5 ஆகியவற்றின் பங்கு 30 விழுக்காட்டுக்கும் குறைவு. அதே எதிராளிக்கு எதிராக ஒரே இன 8, 7 ஏறத்தாழ 41 விழுக்காடு பெறும். முன்னதில் ஏஸ் ஜோடி அமைவதே பெரும் இழப்புக்கு வழிவகுக்கக் கூடும்.

சில்லுகளின் அளவும் இதனைப் பாதிக்கிறது. இருவரிடமும் 10 பிக் பிளைண்ட் மட்டுமே இருந்தால், சமன் செய்தபின் எஞ்சுவது 8, குவியலோ 5.5. ஒரே பந்தயத்தில் அனைத்தும் உள்ளே போய்விடும் என்பதால் பிற்கட்ட அழுத்தம் குறைவு. ஈட்டும் விகிதம் உயரும். 80 பிக் பிளைண்ட் இருக்கும்போது மூன்று கட்டப் பந்தயங்களையும் முதலில் ஆடித் தாங்க வேண்டியிருப்பதால், வலுவற்ற சீட்டுகளின் மதிப்பு சரிகிறது.

பணப் போக்கருக்கும் போட்டிக்கும் இடையே இங்கு ஒரு வேறுபாடு உண்டு. பணப் போக்கரில் தளம் தன் கட்டணத்தைப் பெரும்பாலும் ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஃபிளாப்பிற்குப் பின் எடுத்துக்கொள்ளும். எனவே நூலிழை இலாபமுள்ள சமன்செய்தல்கள் நட்டமாகிவிடும். போட்டியில் கட்டணம் நுழைவின்போதே பெறப்படுவதால் குவியல் முழுமையாக வென்றவருக்கே சேரும். ஆன்ட்டியும் சேர்வதால், போட்டிகளில் பிக் பிளைண்ட் மிகப் பரந்த சீட்டுவகைகளுடன் தொடர்வது நியாயமாகிறது.

உயர்த்தியவரின் இருக்கை

விலை ஒன்றாயினும், உயர்த்தியவர் எங்கு அமர்ந்துள்ளார் என்பதைப் பொறுத்து மறுவினை மாற வேண்டும். பட்டன் உடையவருக்குப் பின் இருவரே எஞ்சியிருப்பதால் அவர் பலவகைச் சீட்டுகளுடனும் உயர்த்துவார். முதல் இருக்கையில் இருப்பவருக்குப் பின்னே ஏழு பேர் காத்திருக்கின்றனர்; வலிய சீட்டின்றி அவர் துணிய மாட்டார். அவருக்கு எதிராக வெவ்வேறு இன ராஜா, 8 போன்ற சீட்டுகள் தம்மைவிடச் சிறந்த ராஜாவிடம் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு மிகுதி. ஒரே இனத் தொடர்ச்சீட்டுகளும் சிறு ஜோடிகளும் இவ்வளவு பாதிக்கப்படுவதில்லை.

எதிராளியின் பழக்கமும் ஒரு சான்று. வழக்கமாக மூன்று மடங்கு உயர்த்தும் ஒருவர் திடீரென முதல் இருக்கையிலிருந்து இருமடங்கு மட்டும் உயர்த்தினால், பழைய காலத்து ஐயம் இன்றும் செல்லுபடியாகும். சிறு கட்டணப் போட்டிகளில் இது குறிப்பாகப் பொருந்தும். எப்போதும் இருமடங்கே உயர்த்துபவரிடம் அவ்வளவிலிருந்து எதையும் ஊகிக்க இயலாது.

மறு உயர்த்தல்

பிக் பிளைண்டில் இருப்பவருக்கு மூன்றாவது வழியும் உண்டு. தம்மிடமுள்ள அனைத்தையும் வைத்து மறு உயர்த்தல் செய்வது, 10 முதல் 20 பிக் பிளைண்ட் வரை வைத்திருப்போரின் முதன்மைக் கருவியாகும். எதிராளி விலகினால் 4.5 பிக் பிளைண்ட் ஆட்டமின்றியே கிடைக்கும். முதலில் ஆட வேண்டிய இடரும் நீங்கும்.

இருவரிடமும் தொடக்கத்தில் 20 பிக் பிளைண்ட் இருந்ததாகக் கொள்வோம். பிக் பிளைண்ட் எஞ்சிய 19 ஐயும் வைக்கிறார். எதிராளி ஏற்றுக்கொண்டால் குவியல் 41.5 ஆகும். அப்போது தம் பங்கு 35 விழுக்காடு என்றால் திரும்பக் கிடைப்பது சராசரியாக 14.5, இழப்பு 4.5. விலகினால் வரும் ஆதாயமும் 4.5 என்பதால், எதிராளி இரண்டில் ஒரு முறை விலகினால் கணக்கு நேராகும். சில்லுகள் 15 பிக் பிளைண்டாக இருந்தால், ஐந்தில் இரண்டு முறை விலகினாலே போதும்.

இதற்கு ஏற்ற சீட்டுகள் எவை என்பதில் பலர் தடுமாறுகின்றனர். எதிராளி ஏற்றுக்கொள்ளும்போதும் ஓரளவு பங்கு எஞ்சும் சீட்டுகளே தேவை: ஒரே இன ஏஸ், 5 போன்றவை; சிறு ஜோடிகள்; ஒரே இன ராஜா, ஜாக்கி போன்றவை. ஏஸ் ஒன்று தம் கையில் இருப்பதால் எதிராளியிடம் ஏஸ் ஜோடி இருக்கும் வழிகள் ஆறிலிருந்து மூன்றாகக் குறைகின்றன. இதுவும் ஏஸ், 5 ஐத் தேர்வதற்கு ஒரு காரணமாகும். சமன் செய்ய நல்லதும் மறு உயர்த்தலுக்கு நல்லதும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

பிற இருக்கைகள்

ஸ்மால் பிளைண்ட் சமன் செய்ய 1,500 வைக்க வேண்டும். 1,500 ÷ 6,000 எனக் கணக்கிட்டால் 25 விழுக்காடு. விலை நன்றுபோல் தோன்றினாலும், பின்னே பிக் பிளைண்ட் மறு உயர்த்தல் செய்யக் காத்திருக்கிறார். ஃபிளாப்பிற்குப் பின் எல்லோருக்கும் முன்னர் ஆட வேண்டியவரும் இவரே. எனவே இவர் பெரும்பாலும் விலகவோ மறு உயர்த்தவோ செய்வது வழக்கம்.

பிளைண்ட் வைக்காதவர்கள் முழு 2,000 ஐயும் கொடுக்க வேண்டும். ஓர் உயர்த்தலைச் சமன் செய்யத் தேவைப்படும் சீட்டு, தாமே முதலில் உயர்த்தத் தேவைப்படும் சீட்டைவிட வலியதாக இருக்க வேண்டும் என்பது டேவிட் ஸ்க்லான்ஸ்கி 2002 இல் வெளியிட்ட போட்டிப் போக்கர் நூலில் 'இடைவெளி' என்ற பெயரில் விளக்கிய கருத்து. அது இவ்விருக்கைகளுக்கு இன்றும் பொருந்துகிறது. மலிவு விலை பெறும் பிக் பிளைண்டுக்கு அப்படியே பொருந்தாது.

பரிசு எல்லையின் அருகில்

இதுவரை கண்ட கணக்குகள் அனைத்தும் சில்லுகளில் அமைந்தவை. போட்டியில் சில்லு பணமன்று. ஒருவர் தம் சில்லுகளை இருமடங்காக்கினால் அவற்றின் பண மதிப்பு இருமடங்காவதில்லை. இதை அளவிடப் பரவலாகப் பயன்படும் முறை சார்பிலாச் சில்லு மாதிரி எனப்படும். ஐசிஎம் என்னும் சுருக்கப்பெயரால் ஆட்டக்காரர் இதனை அறிவர். குதிரைப் பந்தய முடிவுகளுக்கு டேவிட் ஹார்வில் 1973 இல் தந்த வாய்ப்பாட்டை, மேசன் மால்முத் 1987 இல் போக்கருக்குப் பொருத்தினார்.

நால்வர் சம அளவு சில்லுகளுடன் எஞ்சியுள்ளனர்; மூவருக்கு மட்டும் 50, 30, 20 எனப் பரிசு என்க. ஒவ்வொருவரின் மதிப்பும் 25. இருவர் முழுச் சில்லுகளையும் வைத்து மோதி ஒருவர் வென்றால், வென்றவர் முதலிடம் பெறும் வாய்ப்பு 1/2, இரண்டாமிடம் 1/3, மூன்றாமிடம் 1/6. அவர் மதிப்பு 25 + 10 + 3.33 = 38.33. அவர் 25 ஐப் பணயம் வைத்து ஈட்டியது 13.33 மட்டுமே. மீதி 11.67, மோதலில் கலந்துகொள்ளாது பார்த்துக்கொண்டிருந்த இருவருக்கும் பகிர்ந்து சென்றுவிட்டது. இம்மோதலை ஏற்பதற்கு 50 விழுக்காடு அன்று, 65 விழுக்காடு வெற்றி வாய்ப்பு வேண்டும்.

இந்நிலையில் சிறு உயர்த்தலின் இயல்பே மாறிவிடுகிறது. பெருஞ்சில்லுக்காரர் இருமடங்கு மட்டும் உயர்த்தி, நடுத்தரச் சில்லு வைத்திருக்கும் பிக் பிளைண்டை வம்புக்கிழுக்கிறார். சமன் செய்வதன் உடனடி விலை முன்போலவே ஒரு பிக் பிளைண்ட்தான். ஆனால் பின்வரும் கட்டங்களில் போட்டியை விட்டே வெளியேறும் அச்சத்துடன் ஆட வேண்டியிருப்பதால் ஈட்டும் விகிதம் மேலும் குறைகிறது. முழுச் சில்லுகளையும் வைத்து மறு உயர்த்தல் செய்வதும், இழந்தாலும் போட்டியில் தொடரக்கூடிய பெருஞ்சில்லுக்காரர் எளிதில் ஏற்றுக்கொள்வார் என்பதால் இடர் மிக்கது. உயர்த்தியவர் தம்மைவிடக் குறைந்த சில்லு வைத்திருந்தால் நிலைமை நேர்மாறு: வெளியேறும் அச்சம் அவருடையது, விரட்டும் உரிமை பிக் பிளைண்டுடையது. ஆகவே விலையைக் கணக்கிடுமுன் இருவரில் யாரிடம் சில்லு மிகுதி என்று பார்ப்பது இக்கட்டத்தில் இன்றியமையாதது.

பரிசு அனைவருக்கும் சமமாக அமையும் தகுதிப்போட்டிகள் இதன் எல்லை நிலையாகும். பத்து நுழைவுச்சீட்டுகளுக்குப் பதினொருவர் எஞ்சியிருக்க, இடம் ஏறத்தாழ உறுதியான ஒருவர், தம்மை வெளியேற்றக்கூடியவருக்கு எதிராக ஏஸ் ஜோடியைக்கூட எறிவது சரியாக அமையக்கூடும்.

கணினி ஆய்வுகள்

2015 ஆம் ஆண்டையொட்டி, வரம்பில்லா ஹோல்டெம்மின் சமநிலை உத்திகளைத் தனிக்கணினியிலேயே கணக்கிடும் மென்பொருள்கள் விற்பனைக்கு வந்தன. ஆன்ட்டி உள்ள போட்டிகளில் பட்டனிலிருந்து வரும் சிறு உயர்த்தலுக்குப் பிக் பிளைண்ட் தம் கைச்சீட்டுகளில் பெரும்பாலானவற்றுடன் தொடர வேண்டும் என்பதை இவை காட்டின. 2000களின் கையேடுகள் பரிந்துரைத்ததைவிட இது மிகப் பரந்தது. 2019 இல் கார்னிகி மெலன் பல்கலைக்கழகத்தின் நோம் பிரவுன், தூமாஸ் சாண்ட்ஹோம் ஆகியோர் அறிவித்த புளூரிபசு என்னும் நிரல், ஆறு பேர் ஆடும் ஆட்டத்தில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. எனினும் அது ஒவ்வோர் ஆட்டத்திலும் 100 பிக் பிளைண்டுடன் தொடங்கியது. பரிசு எல்லையின் கணக்கு அதில் இல்லை.

இம்மென்பொருள்கள் தரும் விடையைப் பயன்படுத்துவதில் ஒரு கவனம் தேவை. பரந்த சீட்டுகளுடன் சமன் செய்யச் சொல்லும் அதே விடை, ஃபிளாப்பிற்குப் பின் சிறு பந்தயங்களுக்கு எளிதில் விலகாமலும், உரிய இடங்களில் துணிந்து மறு உயர்த்தியும் ஆடப்படும் எனக் கொண்டே கணக்கிடப்பட்டது. முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்து பிற்பாதியைப் பின்பற்றாதவர், மேலே கண்ட 917 சில்லுக் கணக்கிற்கே திரும்பிவிடுகிறார். ஆட்டத்தின்போதே இத்தகைய மென்பொருளைக் கலந்தாலோசிப்பதைப் பெரிய தளங்கள் தடை செய்துள்ளன.

இணையத்தில் ஒவ்வொரு முடிவுக்கும் சில நொடிகளே கிடைக்கும். பலர் ஒரே வேளையில் பல மேசைகளில் ஆடுவர். ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர்கள் மேற்கண்ட வகுத்தலை மேசையில் செய்வதில்லை. இருமடங்கு, இரண்டேகால் மடங்கு, மூன்று மடங்கு ஆகியவற்றிற்கான விழுக்காடுகளை ஆன்ட்டியுடனும் ஆன்ட்டி இன்றியும் முன்னரே கணக்கிட்டு நினைவில் வைத்திருப்பர். கிடைக்கும் நொடிகளை உயர்த்தியவரின் இருக்கை, சில்லுகளின் அளவு, பரிசு எல்லையின் தொலைவு ஆகியவற்றைப் பார்ப்பதில் செலவிடுவர்.